குப்புறப் படுக்கை

அலியாருக்கு விடியற்புறத்தில்தான் முதுகு வருத்தம் கடுமை. வெயில் ஏற ஏற அது இறங்கிப்போகும். அதனால்தான் அவனை ஒருவரும் நம்பவில்லை.

பாருங்கள் பிள்ளைகளே, கால் முறிந்தால் ஊருக்குக் கண்ணில் தெரியும். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். இந்த வருத்தத்தைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது அலியார் பாயில் பலகை மாதிரிக் கிடப்பான். ஜெஸீமா அவனை ஒரு பக்கமாகப் புரட்டி, தோளுக்குள் கைகொடுத்து இருத்தி, இஞ்சித் தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுப்பாள். எட்டு மணிக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பதினொரு மணிக்குக் கடற்கரையில் மற்ற மனிதர்களைப் போல நிற்பான்.

கரைவலை இழுப்பது காலையில். மீன் பங்கு போடுவது பதினொரு மணிக்கு.

"வலை இழுக்கிற நேரம் வருத்தம், பங்கு போடுற நேரம் சுகம். நல்ல நேரம் பாத்து வாற வருத்தம் மச்சான்" என்பான் ஹிஸ்புல்லா. அவனும் அலியாரும் பன்னிரண்டு வருடமாக ஒரே வலைக்கு இரண்டு கயிற்றிலும் முதல் ஆளாக நின்றவர்கள். கயிற்றை இடுப்பில் கொழுவிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து இழுக்கிற வேலை அது. முதலாள் சாய்ந்தால்தான் பின்னால் நிற்கிற எட்டுப் பேரும் சாய்வார்கள். அலியார் சாய முடியாமல் போய் ஏழு மாதமாகியிருந்தது. முப்பத்திரண்டு வயது. மூதூர்க் கடற்கரையில் அவன் வருத்தத்துக்கு ஒரு பேரும் விழுந்துவிட்டது: கள்ள வருத்தம்.

அவன் இருந்தது ஜெஸீமாவின் வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கம் அது, பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியிருப்பான். ஜெஸீமாவின் உம்மா ஸுல்பிகா, முன்வீட்டை மகளின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குசினியோடு ஒட்டின சின்ன அறையில் இருந்தார். மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கிற வழக்கமும் இல்லை. எட்டு வருடமாக ஸுல்பிகா அலியாருக்குச் சொன்னதெல்லாம் முற்றத்துக் கோழிக்குச் சொன்னதுதான்.

"கோழி, கீரி மீன் ஆணம் அடுப்பில சுடச்சுடக் கிடக்கு. தின்ன ஆளில்லாட்டி நீதான் தின்னணும்" என்பார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

அலியார் வந்து குந்துவான். "கோழிட கைப்பக்குவம் கொள்ளாம்" என்று சுவருக்குச் சொல்வான். அந்த வீட்டில் பாசம் இப்படித்தான் ஓடியது.

வருத்தம் தொடங்கின புதிதில் ஸுல்பிகாதான் அதிகம் பயந்தார். தூரத்து நாட்டு வைத்தியப் பரிசாரி ஒருவரைக் கூப்பிட்டு வந்தார். பரிசாரி இடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாதம். நாப்பது நாள் ஆடாம அசையாமக் கிடக்க வேணும்" என்றார். ஸுல்பிகா தன்னுடைய கலியாணத்து மெத்தையை வெயிலில் போட்டு அடித்து விரித்தார். இலவம்பஞ்சு மெத்தை. தலைக்கு இரண்டு தலையணி. அரிசிக்கும் பாணுக்கும் ஊர் கியூவில் நின்ற காலம் அது. மரவள்ளிக் கிழங்கை மூன்று நேரமும் தின்ற காலம். அந்த நாளையிலும் எங்கேயோ தேடி அவனுக்கு மட்டும் ஒரு கோப்பைச் சோறு வைத்தார். எண்ணெய் காய்ச்சினார். ஓதின தண்ணி கொடுத்தார். நாற்பது நாள் அவனைப் பஞ்சுக்குள் வைத்துப் பார்த்தார்.

நாற்பத்தோராம் நாள் அவன் எழும்பி நின்றபோது நெஞ்சு உள்ளே போய்த் தலை முன்னுக்கு வந்திருந்தது.

ஜெஸீமா அன்றைக்கு அழவில்லை. தன் வாப்பா அபூதாஹிரை அலியார் நினைத்தான். அந்த மனிதரும் இப்படித்தான் தொடங்கி, கடைசியில் பத்து வருடம் நிலத்தைப் பார்த்தே நடந்தார். எதிரில் வருகிறவர்களைக் காலை வைத்து அடையாளம் கண்டு ஸலாம் சொல்வார். மௌத்தாகின அன்று குளிப்பாட்டினவர்களால் அவரை நீட்டிக் கிடத்த முடியவில்லை. மல்லாத்தினால் தலை மேலே நிற்கும். மையத்துக் கொண்டுபோகிற சந்தூக்குப் பெட்டியின் மூடி மூடவில்லை. ஆர் என்று தெரியாது, ஒருவர் அமத்தப் பார்த்தார். பதினாறு வயது அலியார், "அமத்தாதீங்க, நோகும்" என்று கத்தினான். கடைசியில் மூடியைக் கழற்றிவிட்டு, மேலால் சீலையைப் போர்த்துக் கொண்டுபோனார்கள்.

"ஜெஸீமா, எனக்கும் மூடி மூடாது போல" என்றான் அவன்.

"வாய மூடுங்க. நாளைக்கு லோஞ்சில கடல் தாண்டி டவுணுக்குப் போறம்" என்றாள் அவள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் படம் பிடித்துப் பார்த்தார். இது பரிசாரி சொன்ன வாதம் இல்லை என்றார். முள்ளந்தண்டில் மூட்டுக்கு மூட்டு அழற்சி வந்து, பிறகு மூட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிடுகிற வருத்தமாம். தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கும் வரக்கூடுமாம். நோவுக்குக் குளிசை எழுதித் தந்தார். ஒட்டுவதைக் குளிசை நிற்பாட்டாது என்றும் சொல்லி, அப்பியாசம் பழக்குகிற அறைக்கு அனுப்பினார்.

அங்கே குணேஸ்வரி மிஸி இருந்தார். அன்புவழிபுரத்து ஆள். நாற்பது வயதிருக்கும், உள்ளங்கை ஆண்பிள்ளையின் கை மாதிரி உரம்.

"தம்பி, சுவரோட முதுகை ஒட்டி நில்லுங்கோ. குதிக்கால் முட்டுதோ? சரி. தோள்? இப்ப பிடரியைச் சுவரில முட்டப் பாருங்கோ."

அலியார் முட்டப் பார்த்தான். பிடரி போகவில்லை. மிஸி இடைவெளிக்குள் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். நாலு விரல்.

"நான் பொய் சொல்ல மாட்டன் தம்பி. இது ஒட்டத்தான் பாக்கும். நிமிர்ந்து ஒட்டுதோ, குனிஞ்சு ஒட்டுதோ எண்டதுதான் எங்கட கையில கிடக்கு."

"எங்கட வாப்பா குனிஞ்சு ஒட்டினவர்."

"அப்ப உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

அவர் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினார். விலாவில் கையை வைத்து மூச்சை நிறைய இழுத்து விடுவது, முழங்காலிலும் கையிலும் நின்று முதுகை ஏற்றி இறக்குவது, சுவரில் நிமிர்ந்து நிற்பது. "நோகுது எண்டு கிடந்தியளோ, இன்னும் நோகும். இது அசைய அசையச் சுகம் தாற வருத்தம். மெத்தை வேண்டாம். தலையணி வேண்டாம். காலமை இருபது நிமிசம், பின்னேரம் இருபது நிமிசம், பலகையிலயோ நிலத்திலயோ குப்புறப் படுக்க வேணும். மற்றதெல்லாத்தையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்கப்படாது."

"குப்புறயா மிஸி?"

"ஓம். ஏன்?"

அலியார் ஜெஸீமாவைப் பார்த்தான். ஜெஸீமா சுவரைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்ல மிஸி" என்றான்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேற்று மார்க்கத்து ஆளிடம், அதுவும் நல்லது செய்கிற மனுசியிடம், எங்களுக்கு அது ஆகாது என்று எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் கூச்சப்பட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பின்னேரம் ஸுல்பிகா அதைக் கண்டார். அலியார் முன்வீட்டு மண்டபத்தின் சீமெந்து நிலத்தில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் குப்புறக் கிடந்தான். சின்ன வயதில் ஓதப்போன நாளிலிருந்து ஸுல்பிகாவுக்கு அது நெஞ்சில் எழுதின சங்கதி. அல்லாஹ்வுக்கு விருப்பமில்லாத படுக்கை அது. பிள்ளைகள் நித்திரையில் குப்புறப் புரண்டால்கூடக் காலால் மெல்லத் தட்டித் திருப்பிவிடுகிற ஊர் எங்களது.

"கோழி! இது தொழுகிற ஊடு" என்றார். "நரகவாசி கிடக்கிற மாதிரி என்ட கண்ணுக்கு முன்னால ஆரும் கிடக்க வேணாம்."

"உம்மா, அது மருந்து" என்றாள் ஜெஸீமா.

"மருந்து போத்தலில வரும். குளிசையில வரும். இப்பிடி வராது."

"மிஸி சொன்னவ."

"மிஸிக்கு எங்கட மார்க்கம் தெரியுமா? நீ சொன்னியா?"

அலியார் கையை ஊன்றி எழும்பினான். எழும்புவதற்கு அவனுக்கு எவ்வளவு நேரம் போனது என்று ஸுல்பிகா பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சொன்னதை அவர் திருப்பி எடுக்கவில்லை. நோயாளியை இந்த உலகத்தில் காப்பாற்றப்போய் மறு உலகத்தில் மாட்டிவிடுவதா? அவருடைய பயம் அதுதான்.

அலியார் மற்ற எல்லா அப்பியாசமும் செய்தான். குப்புறப் படுப்பதை மட்டும் விட்டான். வந்து குடியிருக்கிற மாப்பிள்ளைக்கு மாமியை எதிர்த்துக் கதைக்க வாயில்லை. இரண்டு மாதம் போனது. ஜெஸீமா அவனைச் சுவரோடு நிறுத்தி விரலை வைத்துப் பார்த்தாள். நாலு விரல் போய் ஐந்தாவது விரலும் உள்ளே நுழைந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு, "நாலுதான்" என்றாள்.

"கைய ஏன் ஒளிக்கிற புள்ள" என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் அவன் குப்புறப் படுக்கக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினான். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு கரையில் ஆளிருக்காது. கரையேற்றின தோணிகளுக்குப் பின்னால் மணலில் குப்புறக் கிடப்பான். மாமியின் கண்ணுக்கு முன்னால் இல்லைதானே. மணல் நெஞ்சுக்குச் சூடாகவும் இருக்கும். முதல் மூன்று நாளும் ஒருவரும் காணவில்லை.

அந்தக் கிழமை புல்மோட்டைப் பக்கம் ஒரு தோணி கவிழ்ந்து ஒரு ஆளைக் காணோம் என்று கதை வந்திருந்தது. நாலாம் நாள் விறகு பொறுக்க வந்த பக்கத்து வீட்டு ஸல்ஹா, தோணிக்குப் பின்னால் இரண்டு காலைக் கண்டாள். குப்புறக் கிடந்த உடம்பைக் கண்டாள். கிட்டப் போகவில்லை.

"மையத்து! மையத்து கரையடைஞ்சு கிடக்கு! ஓடி வாங்க!"

சத்தம் ஒழுங்கைக்கு ஒழுங்கை பாய்ந்தது. மூன்றாவது ஒழுங்கை தாண்டுகையில், "அலியார் கட்டுற சறம் மாதிரி இருக்காம்" என்று ஆரோ சேர்த்துவிட்டார்கள். ஸுல்பிகா குசினியில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல் ஓடினார். முக்காடு விழுந்ததும் தெரியவில்லை. எட்டு வருடம் சொல்லாத பேரை அன்றைக்குக் கடற்கரை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"அலியார்! மகன்! என்ட வாப்பா!"

அலியாருக்குக் கண் அயர்ந்திருந்தது. தலையைத் தூக்கினான். ஒரு கன்னம் முழுக்க மணல்.

"என்ன மாமி?"

கூட்டம் சிரித்தது. எப்படிச் சிரித்தது என்று கேட்காதீர்கள்.

"மௌத்தாப் போனவன் மாமிக்குப் பதில் சொல்றான்டோ!" என்றான் ஹிஸ்புல்லா. "காலையில கயிறு பிடிக்க ஏலாது, லுஹருக்குப் பிறகு மணலில கவிண்டு வெயில் காய ஏலும். மச்சான், எனக்கும் இதில ஒரு வருத்தம் வாங்கித் தாவன்."

"அவன் தாறதெண்டாலும் உனக்கு ஒரு மாமி வேணுமே, செருப்பில்லாம ஓடி வர" என்றது இன்னொரு குரல்.

ஸுல்பிகா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். உள்ளங்காலில் ஊரிச் சிப்பி வெட்டி இரத்தம் வந்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது கிழங்கு அடிப்பிடித்துப் போயிருந்தது.

"உன்ட மனிசனால இண்டைக்கு நான் ஊருக்கு முன்னால வெறுந்தலையோட நிண்டன்" என்றார் மகளிடம். இந்தமுறை கோழியைக் கூப்பிடவில்லை. "ஊட்டில வேணாமெண்டு சொன்னா ஊரில போய்க் கிடக்கிறதா? கடலுக்கு முன்னால கிடந்தா அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

"அவர் வேற எங்க கிடக்கிற? நீங்க ஊட்டில விடல்லயே."

"கிடக்கத்தான் வேணுமா?"

"வேணும். இல்லாட்டி அவர்ட வாப்பாவப் போல வளைஞ்சிருவார். இப்பவே அஞ்சு விரல் உம்மா. நான் அவருக்குப் பொய் சொல்லிக்கொண்டு திரியிறன்." ஜெஸீமாவின் குரல் ஏறியது. "நீங்க தந்த மெத்தையும் ரெண்டு தலையணியும்தான் அவர வளைச்சது."

ஸுல்பிகா அடிப்பிடித்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் அன்பில தந்தன்."

"அன்பிலதான் வளைஞ்சுது. இது என்ட ஊடு உம்மா. என்ட ஊட்டில அவர் எப்பிடிக் கிடந்தாலும்..."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு மகள் தாயைப் பார்த்துச் சொல்லவே கூடாத வார்த்தை அது.

"சொல்லி முடி" என்றார் ஸுல்பிகா. "எழுதித் தந்தது நான்தான். எனக்கு ஞாபகமிருக்கு."

மூன்று நாள் அவர் வழக்கம்போலச் சமைத்தார், கூட்டினார், தொழுதார். கோழியோடும் கதைக்கவில்லை. அலியார் மண்டபத்திலும் படுக்கவில்லை, கடற்கரைக்கும் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரி நாள். இருவரும் துறையடிக்குப் போனபோது ஸுல்பிகா அங்கே குடையோடு நின்றார்.

"நானும் வாறன். அந்த மிஸிட்ட ரெண்டு வார்த்த கேக்க இருக்கு" என்று குடைக்குச் சொன்னார்.

கொட்டியாரக் குடா அன்றைக்கு அலையாக இருந்தது. லோஞ்சு ஏறி விழும்போதெல்லாம் அலியார் பல்லைக் கடித்தான். ஸுல்பிகா அதைக் கண்டார். தன் துணிப்பையை மடித்து மகளிடம் நீட்டினார். "இடுப்புக்குப் பின்னால வைக்கச் சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து, "மெத்தை மாதிரி எண்டா வேணாம்" என்றார்.

குணேஸ்வரி மிஸி சுவரில் நிறுத்தி அளந்தார். முகம் மாறியது. பிறகு அவனைக் குனியச் சொல்லி முதுகில் பெருவிரலை ஓட்டினார். "கீழ் முதுகு ஒட்டிற்றுது தம்பி. அது இனித் திரும்பாது. மேல் முதுகும் கழுத்தும் இன்னும் விட்டுக் கிடக்கு. குப்புறப் படுக்கிறனியளோ?"

அலியார் ஜெஸீமாவைப் பார்த்தான்.

"முந்திக் கனநாள் அசையாமக் கிடந்தனியளோ?"

ஜெஸீமா நிலத்தைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஸுல்பிகா உள்ளே வந்தார்.

"நாப்பது நாள். நான்தான் கிடத்தினனான். பஞ்சு மெத்தையில" என்றார்.

மிஸி அவரைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ அம்மா. அதாலதான் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இந்த வருத்தம் தன்ர பாட்டிலயும் ஒட்டும். நோகுதெண்டா படு எண்டுதானே எல்லாரும் சொல்லுறது. என்ர அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பா."

ஸுல்பிகா இருக்கவில்லை. "குப்புறப் படுக்கிறத நான்தான் தடுத்தனான். எங்கட மார்க்கத்தில அந்தப் படுக்கை ஆகாது மிஸி. இவங்க ரெண்டு பேரும் வெக்கத்தில உங்களுக்குச் சொல்லல்ல."

"அடடா" என்றார் மிஸி. அலியாரைப் பார்த்து, "ஏன் தம்பி, என்னைப் பார்க்க அவ்வளவு பொல்லாதவள் மாதிரிக் கிடக்கோ? எங்கட ஆக்களுக்கும் ஒவ்வொண்டு கிடக்கு. போன மாசம் ஒரு ஐயா, வடக்க தலை வைச்சுப் படுக்க மாட்டன் எண்டு இந்தக் கட்டிலைத் திருப்பின பிறகுதான் ஏறினவர். நானும் அவரும்தான் தூக்கித் திருப்பினது. திருப்பின கையோட எனக்கு முதுகு பிடிச்சிட்டு."

ஜெஸீமா சிரித்துவிட்டாள். ஸுல்பிகா சிரிக்கவில்லை.

"வேற வழி ஒண்டுமில்லையா மிஸி? வலப்பக்கம் சரிஞ்சு படுத்தா?"

"அது கூன வைக்கிற படுக்கை அம்மா."

"மல்லாந்து?"

"அது நல்லதுதான், ஆனா அது மட்டும் காணாது. நெஞ்சு நிமிர வேணும். நீந்தினாலும் நல்லம். ஆனா இனி வாடைக் காத்துக் காலம், கடலுக்க இறங்க ஏலாது. அதோட, நீந்தேக்கயும் குப்புறத்தானே அம்மா கிடக்கிறது?"

"நீந்துறது படுக்கை இல்லையே" என்றார் ஸுல்பிகா. "அது வேல."

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். வெளியே ஆரோ ஒரு பிள்ளையை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"மிஸி, குப்புறக் கிடந்தா கை சும்மாதான் இருக்கணுமா?"

"இல்லையே. முழங்கையை ஊண்டி நெஞ்சைத் தூக்கிக்கொண்டு கிடந்தா இன்னும் நல்லம். கண் முன்னுக்குப் பாக்க வேணும், நிலத்தைப் பாக்கப்படாது. கை என்ன செய்தாலும் எனக்குக் கவலையில்லை."

"அப்ப சரி" என்றார் ஸுல்பிகா. குடையை எடுத்தார்.

அடுத்த நாள் ஹிஸ்புல்லாவின் வீட்டு வாசலில் போய் நின்று கிழிந்த வலை இருந்தால் தரச் சொன்னார். அவன் எதற்கென்று கேட்டான். "பொத்தத்தான். வலைய வேற என்னத்துக்குக் கேப்பாங்க?" என்றார். ஆட்கள் வந்தால் இருக்க வீட்டில் வைத்திருந்த இரண்டு மர வாங்குகளை மண்டபத்தில் நீளத்துக்கு ஒட்டிப் போட்டு மேலால் பாயை விரித்தார். வலையை யன்னல் கம்பியில் ஆள் நிமிர்ந்து பார்க்கிற உயரத்தில் கட்டினார்.

"கோழி, வலை பொத்த ஆள் தேடுறன். முழங்கை ஊண்டிக் கிடந்து பொத்துற வேல. நித்திரை கொள்ள ஏலாது. கை நிண்டா வேல முடிஞ்சுது, எழும்பிரணும். கையில ஊசி இல்லாம ஆரும் இந்த வாங்கில கிடக்கக்கூடாது."

"எத்தின நிமிசத்து வேல?" என்று சுவரைக் கேட்டான் அலியார்.

"வேலைக்கு ஆரு நிமிசம் பாக்கிற? முழத்துக்குத்தான் கணக்கு."

முதல் நாள் அவனால் ஐந்து நிமிடம்கூட முழங்கை ஊன்ற முடியவில்லை. கிழங்கு வேகிற நேரத்துக்குள் மூன்று கண்ணிதான் பொத்தினான். வியர்வை வாங்கில் சொட்டியது. ஸுல்பிகா குசினி வாசலில் நின்று, "இவ்வளவுதானா? என்ட மனிசன் ஒரு கையால பொத்துவார்" என்று கோழியிடம் ஏசினார். ஏசிவிட்டு உள்ளே போய், இரண்டு கையையும் ஏந்தி வெகுநேரம் நின்றார். என்ன கேட்டார் என்று மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும், அவன் வாங்கில் ஏறுகிற நேரமெல்லாம், அப்படி நின்றார்.

வேலிக்கு மேலால் ஸல்ஹா எட்டிப் பார்த்தாள். "என்ன மாமி, வேணாமெண்ட படுக்கை இப்ப நடுவூட்டுக்கே வந்திட்டா?"

"கண்ணத் துடைச்சிட்டுப் பாரு. கையில ஊசி இருக்கா இல்லையா? ஊசி பிடிச்சவன் படுத்திருக்கான் எண்டா, உன்ட மனிசன் தோணிக்குள்ள குனிஞ்சு தண்ணி கோலுறதுக்கு நீ தொழுகையில குனியிற ருக்கூ எண்டு பேர் வை. ஆளப் பாத்தா மையத்து எண்டு சொல்ற கண்தானே உனக்கு."

ஸல்ஹா தலையை இழுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஹிஸ்புல்லா இன்னொரு வலையைக் கொண்டு விடியற்காலையிலேயே வந்துவிட்டான். கதவு திறந்திருந்தது. ஜெஸீமா அலியாரைப் பாயிலிருந்து புரட்டுகிற நேரம். வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை, பிறகு தோளுக்குள் கை. அலியாரின் வாயில் துவாய் இருந்தது, சத்தம் வராமலிருக்க. ஹிஸ்புல்லா தோளில் வலையோடு அப்படியே நின்றான். வலையை மெல்ல வாசலில் வைத்தான். காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு கள்ள வருத்தம் என்ற பேர் அவன் வாயிலிருந்து வரவில்லை. பதினொரு மணிக்கு மீன் கொண்டுவந்து வேலியில் கொழுவிவிட்டுப் போவான்.

இரண்டு மாதத்தில் ஐந்து நிமிடம் இருபத்தைந்தானது. ஆஸ்பத்திரியில் அளந்தபோது ஐந்து விரல் நாலாகியிருந்தது. "கழுத்து நிண்டு பிடிக்குது. இப்பிடியே வைச்சிருந்தாலே பெரிய காரியம்" என்றார் மிஸி. கயிறு இழுக்கலாமோ என்று அலியார் கேட்டான். மிஸி, "அந்தக் கதையை விடுங்கோ தம்பி" என்றார். லோஞ்சில் திரும்பி வரும்போது அவன் கரையைப் பார்க்கவே இல்லை.

பிறகு வாடைக் காற்று இறுகியது. குடா முழுக்க வெள்ளை நுரை. தோணிகள் மேட்டில் ஏறிவிட்டன. கடலுக்குப் போகாத வலை எங்கே கிழியும்? கார்த்திகை முடிவதற்குள் ஊரில் இருந்த கிழிசலெல்லாம் பொத்தி முடிந்துவிட்டது. வாங்கு வெறுமையாகக் கிடந்தது.

"சும்மா கிடங்களன். உம்மா ஒண்டும் சொல்ல மாட்டா" என்றாள் ஜெஸீமா.

"ஊசி இல்லாம அந்த வாங்கில நான் ஏற மாட்டன் புள்ள. அவ என்னை நம்பி விட்டவ."

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை அவனை இருத்தி எடுக்க ஜெஸீமாவுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஸுல்பிகா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முற்பகல் மழை விட்டுவிட்டுப் பெய்தது. உப்பு எடுக்கக் குசினிக்குள் போன ஜெஸீமா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஸுல்பிகா பலகைக்கட்டையில் குந்தியிருந்தார். மடியில் வலை. ஜெஸீமாவின் வாப்பா பக்கீருடைய நைலோன் வலை. அவர் மௌத்தாகி ஒன்பது வருடமாக முகட்டு வளையில் சாக்குச் சுற்றிக் கிடந்தது. ஆர் கேட்டும் ஸுல்பிகா அதை இரவல் கொடுத்ததில்லை. ஒரு கண்ணிகூடக் கிழியாத வலை. ஸுல்பிகாவின் கையில் மீன் வெட்டுகிற கத்தி இருந்தது.

"உம்மா! அது வாப்பாட வலை."

"எனக்குத் தெரியாதா ஆருட வலை எண்டு?"

கத்தி ஒரு கண்ணியை அறுத்தது. நாலு சாண் தள்ளி இன்னொன்றை அறுத்தது.

"நல்ல வலைய வெட்டி வீணாக்கிறது பாவமில்லையா உம்மா?" என்றாள் ஜெஸீமா.

"அது எனக்கும் படைச்சவனுக்கும் இடையில உள்ள கதை. நீ இதுக்குள்ள வராத." ஸுல்பிகா வலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இஞ்ச பாரு, நண்டு கடிச்ச மாதிரி இருக்கா? ஒரே இடத்தில வெட்டக்கூடாது. பரவலா வரணும்."

ஜெஸீமா கிட்ட வந்து குந்தினாள். ஒரு நுனியை விரலில் எடுத்துப் பார்த்தாள். "நேரா இருக்கு உம்மா. கத்தி எண்டு கண்டுபிடிச்சிருவார்."

"அப்ப என்ன செய்யிற?"

அவள் அந்த நுனியை வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாள். இழை பிசிர் பிசிராக வந்தது. ஸுல்பிகா வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். தானும் ஒன்றை எடுத்து, மிஞ்சியிருந்த கடைவாய்ப் பல்லுக்குள் வைத்துக் கடித்தார்.

மண்டபத்திலிருந்து அலியாரின் குரல் வந்தது. "வேல ஏதும் வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றார் ஸுல்பிகா, வாயில் இழையோடு. "மழை விடுமட்டும் இருக்கு."